மாயவரம் பஸ் தூரம்தான்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்குறது எல்லாமே தேவையில்லாத ஆணிதான், ஆனா அதை டேமேஜர்கிட்ட யார் சொல்றது? அதனால 2024 நவம்பர்ல நடந்த ஒரு விஷயத்தை இப்பதான் எழுதுறேன். கோபன்ஹேகனிலிருந்து ஜெர்மனியில இருக்கற ஹாலே நகரத்துக்குப் போன கதை. பயணக் குறிப்பு மட்டும் வேணும்கிறவங்க நேரா கடைசியில இருக்கற பின்குறிப்புக்கு எஸ்ஸாயிடலாம். மத்தவங்க என்கூட கொஞ்சம் வாங்க.

எல்லாம் அம்மா கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிச்சுது.

ஞாயித்துக்கிழமை போன் பேசுறது வழக்கம். தரங்கம்பாடியில ராத்திரி ஒன்பது மணி, கோபன்ஹேகன்ல சாயங்காலம் நாலரை. நவம்பர்ல இங்க நாலரைக்கெல்லாம் இருட்டிடும். ரெண்டு பக்கமும் இருட்டுல உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம்.

"ஏன் தம்பி, உன் ஊருக்கும் பாப்பா ஊருக்கும் எவ்வளவு தூரம்?"

பாப்பான்னா என் தங்கச்சி. ஹாலேயில எம்.எஸ்ஸி. படிக்கிறா.

"நேர்கோட்டுல நானூத்தி எழுபது கிலோமீட்டர்மா."

"கிலோமீட்டரை வச்சு நான் என்ன பண்றது? எவ்வளவு நேரம் ஆகும்?"

"பெர்லின் வரைக்கும் ப்ளைட்டு. ஒரு மணி நேரம். அங்கேருந்து ரயில்."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "ஒரு மணி நேரம்தானா? நம்ம மாயவரம் பஸ்ஸு தூரம்தானடா!"

தெரியாதவங்களுக்கு: தரங்கம்பாடியிலிருந்து மாயவரம், அதாவது மயிலாடுதுறை, சுமார் 30 கிலோமீட்டர். திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில்னு நின்னு நின்னு போற பஸ்ல ஒரு மணி நேரம். அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர்கேஜ் ரயிலே இருந்துச்சு, 1986ல நிறுத்திட்டாங்க. தீபாவளித் துணி, சினிமா, கண் டாக்டர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது, எல்லாத்துக்கும் எங்களுக்கு மாயவரம்தான். காலையில போயிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுவோம். மாயவரம் போறதை எங்க ஊர்ல யாரும் பயணம்னே சொல்ல மாட்டாங்க.

"அப்ப ஏண்டா ஒரு வருஷமா போய்ப் பார்க்கல?"

"அம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது"ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டேன். கோபன்ஹேகன் நடு ஊர்ல சிக்னல் இல்லையாம். சொன்ன எனக்கே கேவலமா இருந்துச்சு.

* * *

இந்த ரெண்டு ஊரும் எனக்குப் புதுசு இல்ல. தரங்கம்பாடியில பொறந்தவனுக்கு கோபன்ஹேகனும் ஹாலேயும் கும்பகோணம், சிதம்பரம் மாதிரி சின்ன வயசுலயே காதுல விழுந்த பேருங்க.

எங்க அப்பா கூட்டுறவு சங்கத்துல எழுத்தர். சாயங்காலம் ஆச்சுன்னா என்னை சைக்கிள் முன்கம்பியில உக்கார வச்சு கோட்டைப் பக்கம் கூட்டிட்டுப் போவார். போற வழியெல்லாம் வரலாறு. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரன் இங்க இறங்கினான். கப்பல்கள் கோபன்ஹேகனைவிட்டுக் கிளம்பினது 1618ல. அப்ப நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்த ஓலை, இன்னிக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1845ல மொத்த ஊரையும், வங்காளத்துல இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னெண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிட்டான். "நம்மளை யாருடா கேட்டா?"ன்னு அப்பா அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

அப்புறம் சீகன்பால்கு. ராஜ வீதியில அவர் கட்டின 1718ஆம் வருஷத்துச் சர்ச் வாசல்ல சைக்கிளை நிறுத்திட்டு ஆரம்பிச்சார்னா முடிக்க மாட்டார். ஹாலேயில படிச்ச ஜெர்மன்காரர். டென்மார்க் ராஜா அனுப்பி, 1705 நவம்பர் 29ஆம் தேதி கோபன்ஹேகன்ல கப்பல் ஏறினார். தரங்கம்பாடி வந்து சேர்ந்தது 1706 ஜூலை 9. ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு 222 நாள். வந்து மண்ணுல எழுதி எழுதித் தமிழ் கத்துக்கிட்டார். ஹாலேயில வார்த்த தமிழ் எழுத்து அச்சு 1713ல கப்பல்ல வந்துச்சு. எழுத்து பெருசு பெருசா இருந்து காகிதத்தை முழுங்குதுன்னு இங்கேயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க. 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சு முடிச்சாங்க. 1719ல, 36 வயசுல, இந்த ஊர்லயே செத்துப் போனார்.

அப்பா சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மலையப்பன் கதை. 1714ல சீகன்பால்கு ஐரோப்பா கிளம்பினப்போ மலையப்பன்ங்கற தமிழ் இளைஞரையும் கூடக் கூட்டிட்டுப் போனார். 1716ல திரும்பி வந்தாங்க. அதே வருஷம் ஹாலேயில சீகன்பால்குவோட தமிழ் இலக்கண நூல், லத்தீன்ல, அச்சாச்சு. அதாவது நம்ம டெல்டாக்காரர் ஒருத்தர் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆன்சைட் போயிட்டு வந்திருக்கார். :-)

எனக்கு கோபன்ஹேகன் ஆன்சைட் கிடைச்சப்போ ப்ராஜெக்ட் பத்தி அப்பா ஒரு வார்த்தை கேட்கல. "நானூறு வருஷத்துக்கு முன்னாடி அவன் வந்தான், இப்ப நீ போறே. கணக்கு நேராயிடுச்சு"ன்னார். அவ்வளவுதான். இங்க கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன்ல ஏசியாட்டிஸ்க் ப்ளாட்ஸ்னு ஒரு இடம் இருக்கு. பழைய டேனிஷ் ஆசியக் கம்பெனி இருந்த இடம், இப்ப வெளியுறவு அமைச்சகம். வந்த முதல் வாரமே அங்க நின்னு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அதைப் பிரிண்ட் போட்டு சங்க ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சுக்கிட்டாராம்.

* * *

இப்ப பொட்டி தட்டுறவன் கொஞ்சம் கணக்குப் போடுறேன், பொறுத்துக்கங்க.

ரெண்டு ஊருக்கு நடுவுல நேர்கோட்டுத் தூரம் கண்டுபிடிக்க ஹேவர்சைன் சூத்திரம்னு ஒண்ணு இருக்கு. பூமியோட ஆரம் 6371 கி.மீ., ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை, இதைப் போட்டா விடை வந்துடும். பத்து வரி ப்ரோகிராம். கோபன்ஹேகன்-ஹாலே சுமார் 470 கி.மீ. கோபன்ஹேகன்-சென்னை சுமார் 7,400 கி.மீ.

ஹாலே-லைப்சிக் விமான நிலையத்துக்கு நான் தேடின நாளுக்கு இங்கேருந்து நேரடி ப்ளைட் இல்ல. அதனால பெர்லின் வழி. விமான நிலையத்துக்கு விமான நிலையம் சுமார் 365 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும். வகுத்துப் பார்த்தா 27 நிமிஷம்தான் வருது. ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கும். ஏன்?

ஏன்னா டிக்கெட்ல போடறது பறக்கற நேரம் மட்டும் இல்ல. வாசலைவிட்டு விமானம் நகர்றதிலிருந்து, அந்தப் பக்கம் வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதை வரைக்கும் உருண்டு போகணும், முன்னாடி இருக்கற விமானங்க கிளம்பற வரைக்கும் வரிசையில நிக்கணும், மெதுவா மேல ஏறணும், பாதி வழியிலேயே இறங்க ஆரம்பிக்கணும். முழு வேகத்துல போறது கொஞ்ச நேரம்தான். லேட்டாச்சுன்னு பேர் வரக்கூடாதுன்னு கம்பெனிக்காரங்க அதுக்கு மேல கொஞ்சம் நிமிஷம் சேர்த்து வேற போடுவாங்க. இவ்வளவு சேர்த்தும் அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு விமான நிலையம்தான் இருக்கு. வீடு ரெண்டும் அதுல கிடையாது.

அதை நான் எங்கே தப்பா எடுத்துக்கிட்டேன்னு பின்னாடி சொல்றேன்.

ஜெட் வேகத்தை நான் முதல்ல பார்த்தது விமானத்துல இல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. எனக்கு ஏழு வயசு, பாப்பாவுக்கு நாலு. காலையில ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்துச்சு. ஆழ்கடல்ல சுனாமி அலை போற வேகம் கிட்டத்தட்ட ஜெட் விமான வேகம். சுமார் ரெண்டாயிரம் கிலோமீட்டரை ரெண்டரை மணி நேரத்துக்குள்ள தாண்டி எங்க ஊருக்கு வந்துடுச்சு. அந்த ரெண்டரை மணி நேரமும் நாங்க இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். அலை வர முடிஞ்ச தூரத்தை ஒரு சேதி வர முடியல. அப்பா பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு, என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேற்கே ஓடினார். என் கை மணிக்கட்டுல ரெண்டு நாள் அவர் விரல் தடம் இருந்துச்சு.

* * *

இனிமே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2023 ஜனவரி. ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. கார் பிடிச்சு மாயவரம் கொண்டு போனாங்க. ஆக்கூர் தாண்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

பாப்பாதான் போன் பண்ணினா. எனக்கு இங்க சாயங்காலம் ஏழு மணி இருக்கும். சூப்பர் மார்க்கெட்ல பால் வாங்க வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். பாலைக் கீழ வச்சிட்டு வெளியே வந்தது ஞாபகம் இருக்கு.

அடுத்த நாள் மதியம் ரெண்டரைக்குத்தான் டிக்கெட் கிடைச்சுது. வளைகுடாவுல ஒரு ஊர்ல மாறி சென்னை. குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன்: "மொத்தம் பதிமூணரை மணி நேரம். சனிக்கிழமை காலை 8.30." போட்டுட்டு என் கடமை முடிஞ்ச மாதிரி பெட்டி கட்டினேன்.

மாறுற ஊர்ல மூடுபனி. விமானம் மூணரை மணி நேரம் லேட். சென்னையில இறங்கறப்போ பகல் பன்னெண்டு. வெளியே வந்து கார் ஏற முக்கால் மணி நேரம். சென்னையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 280 கி.மீ. விழுப்புரம்-நாகப்பட்டினம் நால்வழிச் சாலை வேலை நடந்துக்கிட்டிருந்த சமயம். அங்கங்க மண்ணைக் கொட்டி ஒரு பக்கமாத் திருப்பி விட்டிருந்தாங்க.

ரெண்டரை மணிக்குப் பாப்பா கூப்பிட்டா. "எங்கண்ணே இருக்கே?"

"திண்டிவனம். நாலு மணி நேரத்துல வந்துடுவேன்."

"சரிண்ணே." வச்சிட்டா.

கடலூர் நெருங்குறப்போ சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, நாலு மணிக்கு எடுத்துட்டோம்ப்பா. பாப்பாதான் கொள்ளி வச்சுது. நீ பதட்டப்படாம வா."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஏழரை மணிக்கு. வாசல்ல பந்தல் இருந்துச்சு, நாற்காலியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருந்துச்சு. அம்மா உள்ள படுத்திருந்தாங்க. பாப்பா தலை ஈரத்தோட திண்ணையில உக்காந்திருந்தா. அவகிட்ட நான் கேட்டது இதுதான்:

"நாப்பது மணி நேரம் காத்திருந்தீங்க. இன்னும் நாலு மணி நேரம் எனக்காகக் காத்திருக்க முடியலையா? உனக்கு யாரு அந்த உரிமையைக் குடுத்தது?"

சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி கேட்டேன். அவ ஒண்ணும் பேசல. எழுந்து உள்ள போயிட்டா.

அவ்வளவுதான் சண்டை. அதுக்கப்புறம் சண்டையும் இல்ல, பேச்சும் இல்ல. 2023 அக்டோபர்ல அவளுக்கு ஹாலேயில இடம் கிடைச்சுது. ஜெர்மனி விசாவுக்கு பேங்க்ல பணம் காட்டணுமே, அதை நான்தான் போட்டேன். அண்ணன் கடமையாம். "பணம் வந்துச்சு, நன்றி"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. பதிமூணு மாசம், நாங்க பேசினது அந்த மாதிரி மெசேஜ் ஏழெட்டு. ஆனா வாரத்துக்கு ஒரு தடவையாவது கோபன்ஹேகன்-பெர்லின் டிக்கெட் விலையைப் பார்த்துட்டு மூடிடுவேன். "ஒரு மணி நேரம்தானே, எப்ப வேணா போயிக்கலாம்." பக்கத்துல இருக்கற ஊருக்குத்தான் இப்படிப் போகாமலே இருக்க முடியும்.

* * *

சிக்னல் இல்லைன்னு சொன்ன அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரியே டிக்கெட் போட்டேன். பாப்பாவுக்கு மெசேஜ்: "29ஆம் தேதி வெள்ளிக்கிழமை வர்றேன். இருப்பியா?"

ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பதில். "இருப்பேன். எத்தனை மணிக்கு?"

"4.10க்கு பெர்லின்."

"பெர்லினைக் கேக்கல. என் வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவே?"

எனக்கு அப்ப உறைக்கல. ரயில் நேரம் பார்த்து "7.15"னு அனுப்பினேன்.

29ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு வீட்டைப் பூட்டினேன். மெட்ரோ. விமான நிலையத்துல செக்யூரிட்டி வரிசை. மூணு பத்துக்கு விமானம் நகர்ந்துச்சு. பால்டிக் கடலைத் தாண்டறதுக்குள்ள காபி குடுத்து, கப்பைத் திரும்ப வாங்கி, இறங்கப் போறோம்னுட்டாங்க. காபி குடிக்கிறப்போதான் தேதி உறைச்சுது. நவம்பர் 29. சீகன்பால்கு கோபன்ஹேகன்ல கப்பல் ஏறின அதே தேதி. சத்தியமா திட்டம் போட்டுச் செய்யல. அப்பா இருந்தா இதை ஊர் பூரா சொல்லியிருப்பார்.

பெர்லின்ல இறங்கி வெளியே வர அரை மணி. அங்கேருந்து ஒரு ரயில்ல சூட்க்ராய்ஸ் ஸ்டேஷன். அங்கே பிளாட்பாரத்துல குளிர்ல நின்னு, ஐசிஇ ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம் ஹாலே. அப்புறம் டிராம். இறங்கின ஸ்டாப்புல பாப்பா நின்னுக்கிட்டிருந்தா. மணியைப் பார்த்தா. ஏழு பதினேழு.

"ரெண்டு நிமிஷம்தான் லேட்டு"ன்னா.

வீட்டுக்குப் போனோம். ரசம் வச்சிருந்தா, உருளைக்கிழங்கு பொரிச்சிருந்தா. "முடி கொட்டிப் போச்சுண்ணே உனக்கு"ன்னா. "நீ மட்டும் என்ன, எலும்பும் தோலுமா இருக்கே"ன்னேன். அம்மாவோட முட்டிவலி, பக்கத்து வீட்டு ஆயா, ஹாலே டிராம் டிக்கெட் விலை, எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசல.

மறுநாள் பிராங்கே அறக்கட்டளை வளாகத்துக்குக் கூட்டிட்டுப் போனா. 1698ல பிராங்கே தொடங்கின அநாதை இல்லம், பள்ளிக்கூடம் எல்லாம் இப்பவும் வரிசையா நிக்குது. மாடியில பழைய காலத்து அதிசயப் பொருள் அறை ஒண்ணு இருக்கு. முதலை, சங்கு, உலக உருண்டை, அதுங்களுக்கு நடுவுல நம்ம ஊர்ச் சாமான்களும் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடி எல்லாம் இந்த அறக்கட்டளை ஆவணக் காப்பகத்துலதான் இருக்கு. வந்த புதுசுல வாரா வாரம் இங்க வந்துடுவேன்னா பாப்பா. "இங்க வந்தா அப்பா பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும்."

சீகன்பால்கு நம்ம சாமிகளைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதி 1713ல இங்க அனுப்பினார். அதை அச்சடிக்க பிராங்கேவுக்கு மனசில்ல. உங்களை அனுப்பினது அந்தச் சாமிகளை ஒழிக்க, இங்க பரப்ப இல்லைங்கற எண்ணம். கடைசியில அது அச்சானது 1867ல, சென்னையில. 154 வருஷம். அப்பல்லாம் தரங்கம்பாடியிலிருந்து ஒரு கேள்வி கேட்டு அனுப்பினா ஹாலேயிலிருந்து பதில் வர ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகும். கப்பல், காத்து, மழைக்காலம் எல்லாம் ஒத்துழைக்கணும்.

வெளியே வந்து முற்றத்துல ஒரு பெஞ்சில உக்காந்தோம். நல்ல குளிர். எனக்கும் ஒரு கேள்வி கேட்டு கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு.

"அன்னிக்கு ஏன் பாப்பா காத்திருக்கல?" இந்தத் தடவை சத்தம் போடாம கேட்டேன்.

அவ நேரா முன்னாடி பார்த்துக்கிட்டே சொன்னா.

"நீ குரூப்ல காலை எட்டரைன்னு போட்டே. ஊர்ல எல்லாரும் எட்டரைக்கு நீ வீட்டு வாசல்ல நிப்பேன்னு நினைச்சாங்க. ஒன்பது மணிக்கு எடுக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. எட்டரை சென்னைக்குத்தான், இங்க வர மூணு மணி ஆகும்னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். பெரியப்பாகிட்ட சண்டை போட்டு மூணு மணி வரைக்கும் டைம் வாங்கினேன். அப்புறம் உன் ப்ளைட்டு லேட்டு. நீ திண்டிவனம்னு சொன்னப்போ மணி ரெண்டரை. நீ நாலு மணி நேரம்னே. ரோடு இருக்கற லட்சணத்துல ஏழரை ஆகும்னு எனக்குத் தெரியும். இருட்டினப்பறம் எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. அப்ப ஞாயித்துக்கிழமை காலையிலதான். அம்மா வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க. இன்னொரு ராத்திரி அந்தப் பெட்டி பக்கத்துல உக்கார வச்சா அம்மா தாங்க மாட்டாங்கன்னு தோணுச்சு."

"இதை என்கிட்ட போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? டிரைவரை வேகமா ஓட்டச் சொல்லியிருப்பே. அந்த ரோட்டுல." கொஞ்சம் நிறுத்திட்டு, "வீட்டுல ஒரு சாவு போதும்னு நினைச்சேன்"னா.

நான் ஒண்ணும் சொல்லல. அவளே மறுபடியும் சொன்னா. "சித்தப்பா கொள்ளி வைக்கிறேன்னார். அண்ணன் நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கிறேன், வேற யாரும் வேண்டாம்னேன். பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கா வர்றதுன்னு பின்னாடி பேசினாங்க. அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீ கேட்டதுதான்."

அந்த பெஞ்சில உக்காந்து நான் அழுதேன். பக்கத்துல போன ஒரு ஜெர்மன் பாட்டி நின்னு பார்த்துட்டுப் போச்சு. பாப்பா பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் குடுத்தா. "தப்பு என்னுதுதான் பாப்பா, மன்னிச்சுடு"ன்னேன். "சரி, எழுந்திரு, குளிருது"ன்னா. எங்க வீட்டுல மன்னிப்புன்னா அவ்வளவுதான்.

நாள் பூரா மணிக்கணக்கோட வேலை பார்க்கறவன் நான். ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம்னு கேட்டா, சோதனை, திருத்தம், மறுபடி சோதனைன்னு எல்லாம் சேர்த்துச் சொல்லணும்னு புதுசா வர்ற பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன். அன்னிக்கு நான் குரூப்ல போட்டது விமானம் போய்ச் சேர்ற நேரம். நான் போய்ச் சேர்ற நேரம் இல்ல. மிச்சக் கணக்கை இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி, அப்பா பிணத்துக்குப் பக்கத்துல நின்னு போட்டிருக்கா. கணக்கு சரியாப் போட்டதுக்கு நான் அவளைத் திட்டியிருக்கேன்.

அன்னிக்கு மதியம் ரெண்டு பேரும் சேர்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். ரெண்டு மூஞ்சியையும் ஒரே திரையில பார்த்ததும் அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அவங்க கேட்ட முதல் கேள்வி:

"நேத்து எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினே?"

"ஒரு மணிக்கும்மா."

"பாப்பா வீட்டுக்கு எப்பப் போனே?"

"ஏழேகாலுக்கு."

அம்மா விரல்விட்டு எண்ணினாங்க. "ஆறேகால் மணி நேரமா? இது எங்கடா மாயவரம்? இது மெட்ராஸ் தூரம்ல!"

பாப்பா சிரிச்ச சிரிப்புல போனு கீழ விழுந்துச்சு.

"சரி, மெட்ராஸா இருந்தா என்ன"ன்னாங்க அம்மா. "பொங்கலுக்கு அவ அங்க வரட்டும். அடுத்தாப்புல நீ போ. மெட்ராஸுக்கு யாரும் போகாமலா இருக்காங்க?"

பொங்கலுக்கு வந்தா. சர்க்கரைப் பொங்கல்ல உப்பு போட்டுட்டா. அது வேற பதிவு.

பின்குறிப்பு (பயணக் குறிப்பு கேட்டவங்களுக்கு): கோபன்ஹேகன்-பெர்லின் ப்ளைட் சுமார் ஒரு மணி நேரம். பெர்லின்-ஹாலே ஐசிஇ ஒண்ணேகால் மணி நேரம். வாசலிலிருந்து வாசலுக்கு ஆறரை மணி நேரம்னு வச்சுக்கங்க. ரயில்லயே போறதுன்னா ஹாம்பர்க் வழியா ஒரு முழுப் பகல் ஆகும். ரயிலையே கப்பல்ல ஏத்திக் கடலைத் தாண்டற பழைய வழியை 2019 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. பிராங்கே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பின்பின்குறிப்பு: ஊருக்குக் கிளம்பறப்போ வீட்டுல இருக்கறவங்களுக்கு ப்ளைட் நேரத்தை அனுப்பாதீங்க. வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கணக்குப் போட்டு, அதுகூட ரெண்டு மணி நேரம் சேர்த்து அனுப்புங்க.